சாய்ந்த லீவர்

"லீவர் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கேம்மா" என்றார் ஹைனெக், பூதக்கண்ணாடியை எடுக்காமலேயே.

மிலேனா தன் மாடல் விமானத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நடுவர்கள் வர அரை மணி நேரம்தான் இருந்தது.

ஹைனெக் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டாரே தவிர பரிசோதனையை விடவில்லை. ஒலோமௌட்ஸ் நகர மாடல் விமானக் கிளப்பில் யார் எதைச் செய்து கொண்டுவந்தாலும் குறை சொல்ல முதலில் வந்து நிற்பார். சொன்ன குறை சரியாகவும் இருந்து தொலைக்கும். மூன்று வருஷமாக முதல் பரிசு அவருக்கு, இரண்டாம் பரிசு மிலேனாவுக்கு.

இந்த வருஷம் எல்லோரும் ஒரே விமானத்தைத்தான் செய்ய வேண்டும் என்று விதி. பழைய இரட்டை இறக்கைப் போர் விமானம். உள்ளே இருக்கும் சாமான் முழுக்க, அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டி, மடித்து, ஒட்ட வேண்டும். செயற்கைப் பல் செய்யும் வேலையில் இருக்கும் மிலேனா எட்டு மாதம் ஞாயிறு கூடப் பார்க்காமல் உழைத்திருந்தாள். பரிசுக் கோப்பைக்காக அலமாரியில் இடமும் ஒழித்தாயிற்று. கணவன் ராடெக்கின் பீர் குவளைகள் பரணுக்குப் போய்விட்டன.

விமானி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவர் அது. அரை அரிசி நீளம், நுனியில் சிவப்பு. பேசாமல் விட்டிருக்கலாம். சொன்னவர் ஹைனெக் ஆயிற்றே. மிலேனா இடுக்கியால் லேசாக நிமிர்த்தினாள்.

டிங்.

லீவரைக் காணோம்.

"யாரும் அசையாதீங்க" என்று கத்தினாள் மிலேனா.

அந்தக் கூட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மறு நொடி நாற்பது ஆண்பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, டார்ச்சும் கையுமாக மரத்தரையைத் துழாவினார்கள். மூன்று பேர் கிடைத்துவிட்டது என்று கை தூக்கினார்கள். மூன்றும் காலையில் தின்ற கேக்கிலிருந்து உதிர்ந்த கசகசா. நாலாவது ஆள், போன வருஷம் தான் தொலைத்த சக்கர மூடியைக் கண்டெடுத்து அதற்கு முத்தம் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, விழாவைத் தொடங்கி வைக்க மேயர் வந்தார். ஒரு காலை உள்ளே வைத்ததும் நாற்பது தொண்டைகளும் அசையாதீங்க என்றன. தூக்கிய மறு காலோடு கொக்கு மாதிரி நின்ற மேயர், விஷயம் தெரிந்ததும் கழுத்தில் தொங்கிய பதவிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் மண்டியிட்டார். தேர்தல் வருஷம்.

மண்டியிடாத ஒரே ஆள் ஹைனெக். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தன் விமானத்தின் மேல் குனிந்து இடுக்கியால் ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார்.

"எரியிற வீட்டுல பிடுங்கின வரைக்கும் லாபம்னு, தன்னோடதுக்கு மெருகேத்துறாரு பாரு" என்றான் ராடெக், மேசைக்கு அடியிலிருந்து.

மிலேனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கொஞ்ச நேரத்தில் ஹைனெக் சாவகாசமாக நடந்து வந்தார். இடுக்கி நுனியில் லீவர்.

"ஹீட்டர் பக்கம் கிடந்துச்சு. இந்தத் தடவையாவது நேரா ஒட்டு."

மிலேனா அதை வெடுக்கென்று வாங்கினாள். ஒட்டினாள். நேராகவே நின்றது.

ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முதல் பரிசு மிலேனாவுக்கு. ஹைனெக் ஏதோ ஒரு பாகத்தை ஒட்டாமல் விட்டுவிட்டாராம். வயசாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்றார் அவர்.

மிலேனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டிக்கெட் பரிசோதகரே டிக்கெட் இல்லாம ஏறிட்டாரு" என்றாள். மேயர் உட்பட அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஹைனெக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பக்கத்து பீர் கடையில் பரிசுக் கோப்பையிலேயே பீர் ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்துக்கொண்டிருந்தபோது, ராடெக் அவளுடைய கம்பளிச் சட்டையின் முழங்கையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தான்.

"என்னடி இது, இங்கேயும் கசகசாவா?"

கசகசா இல்லை. அரை அரிசி நீளம், நுனியில் சிவப்பு. அடிப்பக்கம் லேசாக வளைந்து சாய்ந்திருந்தது.

மிலேனா கோப்பையை ராடெக்கின் கையில் திணித்தாள். எழுந்து போட்டி நடந்த கூடத்துக்கு ஓடி, ஹைனெக்கின் விமானத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. இடது ஓரத்தில் மட்டும், லீவர் இருக்க வேண்டிய இடத்தில், புதிதாகப் பிய்த்தெடுத்த பசைத் தடம்.

கொஞ்சம் தள்ளி, வேறு யாருடைய விமானத்திலோ ஹைனெக் குறை தேடிக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, மிலேனா அவர் எதிரே போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"பரிசோதகர் சார், டிக்கெட் இல்லாம ஏறினது நான்தான்."

ஹைனெக் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, அவள் கையிலிருந்த லீவரை நிதானமாகப் பார்த்தார்.

"அதான் டிக்கெட் இருக்கேம்மா. கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான்."