மாடி அறைச் சாவி

"கட்டில் கால்மாட்டுல வந்து உட்கார்ந்துச்சு சார். கையில விளக்கு, தலையில பெரிய தொப்பி" என்று பொரித்த முட்டையை விழுங்கிக்கொண்டே சொன்னான் வேட்.

எதிரில் காபிக் கோப்பையோடு ஆரின். அமெரிக்காவில், வயோமிங்கின் அந்தச் சின்ன ஊரில், கடைத்தெருவிலேயே பெரிய கட்டிடம் அவருடைய பலசரக்குக் கடைதான். முகப்பின் நெற்றியில் 1891 என்று பொறித்திருக்கும். மேலே வரிசையாக மூன்று சன்னல்கள். எந்தக் காற்றுக்கும் அசையாத பச்சைத் திரைகள்.

எண்பது மைல் தள்ளியிருந்து தீவன லாரி ஓட்டிவரும் வேட், முந்தின நாள் அவர் மகள் டெல்லாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, ஆரின் ஒரு துருப்பிடித்த சாவியைத் தூக்கிப் போட்டார்.

"மாடியில பேய் இருக்கு. ஒரு ராத்திரி தங்கிட்டு வந்து சொல்லு, அப்புறம் கல்யாணம் பேசலாம். எங்க மாமனார் காலத்துலேர்ந்து இதான் வழக்கம். படி பின்பக்கம்."

பேய் என்றாலே வேட்டுக்குக் குலை நடுங்கும். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், லாரிக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டான். இப்போது அதற்கும் சேர்த்து அளந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

மேசைக்கடியில் டெல்லா அவன் காலை மிதித்தாள். பயல் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டான்.

"நீ பயப்படலையா?" என்றார் ஆரின்.

"நானா? சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டேன். விடிய விடிய ஆடினோம். தோத்துப்போய் சன்னல் வழியா இறங்கிப் போயிடுச்சு."

அடுப்படியில் நின்ற டெல்லாவின் அம்மா மார்வாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"வா தம்பி" என்று ஆரின் அவனைக் கடையின் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பெண்கள் இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கடைக்கு ஒரே தளம்தான், மேலே தகரக் கூரை. தெருவைப் பார்த்த முகப்பு மட்டும் கூரைக்கு மேல் பலகைச் சுவராக உயர்ந்து, நாலு முட்டுக்கட்டைகளில் சாய்ந்து நின்றது. பச்சைத் திரையெல்லாம் வெறும் பெயின்ட்.

"ஊர் பெருசாத் தெரியணும்னு அந்தக் காலத்துல இப்படித்தான் கட்டுவாங்க. மாடியே கிடையாது. புளுகுறவனுக்கு என் பொண்ணும் கிடையாது."

டெல்லா கண்ணைத் துடைத்தாள். வேட் தலை குனிந்தபடி சாவியை நீட்டினான்.

மார்வா குறுக்கே வந்து அதை வாங்கி, புருஷனின் சட்டைப்பையில் போட்டாள்.

"நீங்க எங்கப்பாகிட்ட, அந்தப் பேயோட டான்ஸ் ஆடினதாத்தானே சொன்னீங்க?"