சாயங்கால பஸ் வரைக்கும்

“துண்டு இல்லை, மாத்துத் துணி இல்லை, காலில் பளபளன்னு ஷூ வேற. எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? கடல்ல விழுந்து சாகத்தானே?”

அலைமேல் சறுக்கிப் போகும் சர்ஃபிங் போர்டுகளை வாடகைக்கு விடும் அந்த அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய இளைஞன் வெலவெலத்துப் போனான்.

“இல்லம்மா… நான் வந்தது…”

“எல்லாரும் இல்லைன்னுதான் சொல்வாங்க. ஷூவைக் கழட்டுங்க.”

கழற்றினான். பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த துணிச்சலெல்லாம் மணலில் கால் வைத்ததுமே கரைந்து போயிருந்தது.

அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஊர். நடுத்தெருவில் நாய் உறங்க, வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. உப்பேறிய தலைகளோடு ஆண்களும் பெண்களும் நல்ல அலைக்காகக் கரையில் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து செய்கிற காரியமா இது? ஆனாலும் இன்றைக்குள் முடித்தாக வேண்டும்.

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, அந்த மாதிரி ஆளா?” என்றார் தணிந்த குரலில்.

“சாயங்கால பஸ்ஸில ஏத்தற வரைக்கும் இவரை நான் விடறதா இல்லை. ரெண்டு டீ அனுப்பு.”

இளைஞன் கடல் பக்கம் பார்வையைத் திருப்பினான். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“இந்தாங்க மெழுகு. போர்டு முழுக்கத் தேய்ங்க. இல்லேன்னா ஏறினதும் கால் வழுக்கிடும்.”

தேய்த்தான். அது முடிந்ததும் மணலிலேயே போர்டைப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தாள். கைகளால் துழாவச் சொன்னாள். துள்ளி எழுந்து நிற்கச் சொன்னாள். அவன் பாதியில் குந்திவிட்டான்.

“நாற்காலியை விட மனசில்லாத ஆபீசர் மாதிரி உட்காராதீங்க! எழுந்திரிங்க!”

போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“வெறும் வயித்தோட சொல்ற எதையும் நான் காதில போட்டுக்கறதில்லை. முதல்ல சாப்பிடுங்க.”

ரொட்டியையும் முட்டையையும் பாதியில் தள்ளி வைத்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தான்.

“உங்களுக்கு அம்மா இருக்காங்களா?” அவள் முந்திக்கொண்டாள்.

“இருக்காங்க.”

“ராத்திரி வீட்டுக்குப் போய் அவங்க முன்னாடி நில்லுங்க. பெத்தவளுக்கு அது போதும்.” சற்று நிறுத்தினாள். “என் மகன் மட்டும் இப்ப இங்க இருந்தா உங்களை ஒரே அலையில நிமிர்த்தி நிக்க வெச்சிருப்பான். கப்பல் வேலைக்குப் போயிட்டான். சரியான அடங்காப்பிடாரி! அலையோட மணிக்கணக்கா பேசுவான், அம்மாகூடப் பேச மட்டும் துரைக்கு நேரம் இருக்காது.”

சிரித்தாள். இளைஞனின் கண்கள் நிரம்பிவிட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அழுங்க தம்பி, தப்பில்லை. ஆனா எதுவும் பேசாதீங்க. அந்த இன்னொரு போர்டையும் தேய்ங்க.”

வெயில் தாழ்ந்தது. வாடகைக்குப் போன போர்டுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. அவள் அவற்றை மணல் போகக் கழுவி அடுக்கினாள். ஒரு நொடிகூட அவனைத் தன் பக்கத்திலிருந்து நகர விடவில்லை. தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

இனியும் தள்ளிப்போட முடியாது. அவன் எழுந்து அவளுக்கு நேரே நின்றான்.

“அம்மா, நான் சாக வரலை.”

“தெரியும்” என்றாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“உங்க கப்பல் கம்பெனியிலேருந்து நேத்தெல்லாம் போன் அடிச்சுது, நான் எடுக்கலை. நீங்க வாயைத் திறக்கிற வரைக்குமாவது என் பிள்ளை உயிரோட இருக்கட்டுமேன்னுதான் இன்னிக்குப் பொழுதை ஓட்டினேன்… இப்பச் சொல்லுங்க தம்பி, அவன் எப்படிப் போனான்?”