மேலூர் தாண்டாத பஸ்

"ஏழாம் நம்பர் மெஷினை மட்டும் விட்டுருங்க தம்பி" என்று கெஞ்சினேன்.

கம்பெனிக்காரன் நிமிரவே இல்லை. "முடியாது மேடம். எட்டு மெஷின்லயும் எங்க கேம் மட்டுந்தான் இருக்கணும். மத்ததை அழிக்கணும். அக்ரிமென்ட் அப்படி."

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் அனந்தபத்மநாபன் என்று இருந்தது. பேரு வைகைப் பாலம் நீளத்துக்கு இருக்கு, மனசு இத்துனூண்டுகூட இல்லையே என்று உள்ளுக்குள் திட்டினேன்.

கையெழுத்துப் போட்டவள் நான்தான். பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர்காரன் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து புது ஹெட்போன், வாசலில் பேனர் என்று ஜொலிக்கிறான். நான் இங்கே செல்லூர்ச் சந்துக்குள் என் சென்டரில் எட்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறு வழி?

ஏழாம் நம்பரில் இருந்தது ஒரு பஸ் விளையாட்டு. டவுன்ஹால் ரோட்டில் சி.டி. வாங்கினேன். செய்தது யாரென்று உறையில்கூட இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி கொட்டாம்பட்டி போய்ச் சேர வேண்டும். ஆடு குறுக்கே பாயும். சில்லறைக்குச் சண்டை நடக்கும். கோழிக்கூடையோடு ஏறுகிறவள் கோழிக்கு டிக்கெட் எடுக்கமாட்டேன் என்று மல்லுக்கு நிற்பாள். நம்ம ஊர்க்காரன் எவனோ ரசித்து ரசித்துச் செய்திருந்தான்.

ஒரே குறை. மேலூர் வந்ததும் பஸ் அப்படியே உறைந்துவிடும். எதை அமுக்கினாலும் நகராது. கொட்டாம்பட்டியை இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஆனாலும் ஆட்டோக்காரன் முத்திருளன் தினமும் மத்தியானம் வந்து அதைத்தான் ஓட்டுவான். இன்றைக்காவது தாண்டாதா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

எல்லாவற்றையும் கம்பெனிக்காரனிடம் கொட்டினேன். "நின்னு போனாலும் அது எங்க ஊரு பஸ்ஸு தம்பி. உங்க சுடுற விளையாட்டுல எங்க ஊரு ஆடு ஒண்ணு இருக்கா?"

அவன் விரல்கள் நின்றன. "மேலூர்லயா நிக்குது?"

"அழிக்கப்போறீங்க. இனி எங்க நின்னா என்ன!"

அந்தக் கண்றாவியைப் பார்க்க வேண்டாமென்று வாசலில் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு வீட்டுப் பாஷைதான் வரும். சௌராஷ்டிரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஏழாம் நம்பரில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த பழைய சி.டி. ஒன்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான்.

"மாசாமாசம் செக் பண்ண நாந்தான் வருவேன்க்கா. வேற யாரும் வரமாட்டாங்க."

மிரட்டுகிறானாம்! முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் பைக் சந்து திரும்பியதும் முத்திருளனின் ஆட்டோ வந்தது. எப்படிச் சொல்வேன் இவனிடம்? நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டான். ஏமாந்துபோகும் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா! ஓடியாங்க! மேலூரைத் தாண்டிருச்சு!"

விழுந்தடித்து ஓடினேன். ஏழாம் நம்பரில் பஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல், புளியமரம். கொட்டாம்பட்டி வந்தது. கோழிக்கூடைக்காரி இறங்கினாள். திரை இருண்டு எழுத்துகள் வந்தன.

"செஞ்சவன் பேரு போட்டிருக்குக்கா." முத்திருளன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அனந்த... பத்ம... யப்பா, எம்புட்டு நீளம்!"