கோட்டுக்கு இந்தப் பக்கம்

"டேய், மெதுவாப் போடா! என்ன அவசரம், ரயிலா போயிடப்போகுது உனக்கு?"

ஸ்கூட்டரில் வந்த பருத்த ஆசாமி போட்ட சத்தத்தில், முடிவுக் கோட்டருகே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த விளையாட்டு மாஸ்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நாலு சுற்று. காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். பதினோரு மணிக்குள் கோட்டைத் தாண்டியாக வேண்டும். ஒரு விநாடி தவறினாலும் ஓடியது அத்தனையும் வீண். அந்த விஷயத்தில் மாஸ்டர் படு கறார். போன வருஷம் சொந்த மைத்துனனையே அரை நிமிஷத்துக்காகக் கழித்துக்கட்டியவர். வீட்டில் இன்றுவரை அதற்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஸ்கூட்டர்காரர் அதட்டியது ஒரு பெயிண்டரை. அவன் பனியனில் ஆறு வயசுப் பெண்குழந்தையின் போட்டோ. மொட்டைத்தலை, ஓட்டைப்பல் சிரிப்பு. 'என் மகளின் புற்றுநோய் சிகிச்சைக்காக ஓடுகிறேன்' என்று கீழே அவனே பிரஷ்ஷால் எழுதியிருந்தான்.

ஓட்டம் தொடங்குமுன் அவன் மைக்கில் பேசியதை மாஸ்டர் கேட்டிருந்தார்.

"சும்மா குடுத்தா வாங்க மாட்டேங்க. என் ஓட்டத்துக்குன்னு குடுங்க, வாங்கிக்கறேன். திங்கக்கிழமை பணம் கட்டினாத்தான் பாப்பாவுக்கு அடுத்த சிகிச்சை ஆரம்பிப்பாங்க."



இரண்டாவது சுற்றிலும் ஸ்கூட்டர் பின்னாலேயே வந்தது.

"தண்ணி குடிச்சுட்டுப் போடா! நின்னு குடி! உட்கார்ந்து குடி!"

"யாரும்மா அந்த ஆளு?" என்று பக்கத்தில் பெயர்ப்பட்டியல் வைத்திருந்த பெண்ணிடம் கேட்டார் மாஸ்டர்.

"அவரோட முதலாளி சார். பெயிண்டிங் கான்ட்ராக்டர்."

"அதானே பார்த்தேன். தன்கிட்ட வேலை செய்யறவன் பேர் வாங்கினா சில பேருக்கு வயிறு எரியும்."

பத்தே கால் மணிக்கு, நாலாவது சுற்றும் முடியும் தறுவாயில், பெயிண்டர் தெருமுனையில் தலைகாட்டினான். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். கோட்டுக்கு இருபதே அடி.

கான்ட்ராக்டர் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு, கயிற்றுக்கு அடியில் புகுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இன்னொரு அடி எடுத்து வெச்சே, நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"விடுங்க முதலாளி," என்று மூச்சு வாங்கினான் அவன். "இது நியாயமில்ல."

"நியாயத்தை நீ எனக்குச் சொல்லித்தர்றியா? உட்காருடா!"

பாவம், நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டான். கூட்டம் கான்ட்ராக்டரைப் பார்த்து 'ஓ'வென்று கூச்சல் போட்டது. மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. விசிலை ஊதிக்கொண்டே ஓடினார்.

"யோவ், நீயெல்லாம் மனுஷனாய்யா? பச்சைக்குழந்தை உசிருக்குப் போராடுது. பெத்தவன் நுரை தள்ள ஓடி வர்றான். வழி மறிக்கறியே! போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"தாராளமாக் கூப்பிடுங்க சார். வந்து விசாரிச்சு முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும்ல? ரொம்ப நல்லதாப் போச்சு."



கான்ட்ராக்டர் சட்டைப்பையிலிருந்து வியர்வையில் நனைந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பணம் தருகிறவர்கள் கையெழுத்துப் போடும் படிவம். எல்லோரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். இவர் மட்டும் கிலோமீட்டரை அடித்துவிட்டு எழுதியிருந்தார்: 'பந்தயத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவனுடைய ஒரு நாள் கூலி.'

மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஆறு மணி நேரமும் இருந்தான்னா ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி சார். மத்தவங்க குடுக்கறதையும் சேர்த்தா ஆஸ்பத்திரியில கேக்கறதுக்குச் சரியா இருக்கும். சும்மா குடுத்துப் பார்த்தேன், வேணவே வேணாம்னுட்டான். ரோஷக்காரன். ஒரு செவுத்துக்கு ரெண்டாவது கோட்டிங் அடிக்கவே ரெண்டு நாள் எடுத்துக்கற பய, இதையும் ஆடி அசைஞ்சுதான் ஓடுவான்னு நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்குன்னு பார்த்துக் குதிரையாட்டம் வந்து நிக்கறான்!" அவர் குரல் உடைந்தது. "இப்பத் தாண்டினான்னா பணம் பத்தாது சார்."

பெயிண்டர் கையை ஊன்றி எழுந்தான்.

"ஓடறேன்னு ஊரறியச் சொல்லிட்டு, உட்கார்ந்து காசு வாங்கினா என் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நான் தாண்டறேன் முதலாளி."

கான்ட்ராக்டரைச் சுற்றிக்கொண்டு கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

மாஸ்டர் அந்த ஓட்டைப்பல் சிரிப்பைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பதினெட்டு.

காது கிழிய விசில் அடித்தார். பாய்ந்து போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோட்டின்மேலேயே நின்றார்.

"யாருய்யா உன்னை உட்காரச் சொன்னது? உட்கார்ந்தா கால் பிடிச்சுக்கும். திரும்பு! அந்தத் தண்ணி மேஜை வரைக்கும் ஓடிட்டு வா, மறுபடியும் ஓடு. பதினொண்ணுக்கு ஒரு நிமிஷம் இருக்கறப்ப நானே விசில் அடிச்சுக் கூப்பிடறேன். அதுக்கு முன்னாடி இந்தக் கோட்டை நீ எப்படித் தாண்டறேன்னு நானும் பார்த்துடறேன்!"