உள்ளே இருப்பவர்

“கரண்ட்டுன்னு சொன்னதும் நான் முதல்ல வேண்டாம்னுதாங்க சொன்னேன்” என்றாள் சித்ராதேவி.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் கைப்பேசியை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் சின்னதாக ஒரு சிலுவை.

“உள்ள இருக்கறது உங்க பொண்ணா?”

“ஆமாங்க, கலைமதி. காலேஜ் ரெண்டாவது வருஷம். இன்னைக்குத்தான் முதல் தடவை.”

தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். கலைமதிக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்லியிருந்தார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது. பதில் தெரிந்தும் பரீட்சைத் தாளைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவாள். போன வாரம் அவளுடைய மூளை அலைகளைப் பதிவு செய்து, தலையில் எந்த இடத்தில், எவ்வளவு மெல்லிய மின்சாரம் என்று அவளுக்கென்றே கணக்குப் போட்டிருந்தார் டாக்டர் ஆசீர். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், தொப்பி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்காதுங்க” என்றாள் அந்தப் பெண். “முதல்ல லேசா அரிக்கும். அப்புறம் அதுவும் தெரியாது. என் வீட்டுக்காரரும் போட்டுக்கிட்டவர்தான்.”

“அவருக்குமா?”

“சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு. யாருக்கும் பேர் தெரியல. வால் பையன்னு விட்டுட்டாங்க. ப்ளஸ் டூவுல ஃபெயிலாகி, மறுபடி எழுதித்தான் மேல வந்தார்.”

“இப்ப அவரும் உள்ளதான் இருக்காரா?”

“உள்ளதான் இருக்கார். மதியம் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன். விட்டா சாப்பிடவே மறந்துடுவார்.”

உள்ளே இரண்டு மூன்று நாற்காலிகள் இருப்பதைப் போன வாரமே சித்ராதேவி பார்த்திருந்தாள். வரவேற்பில் இருந்த பெண், யாரும் கேட்காமலே பக்கத்து நாற்காலிக்காரிக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாவம், எத்தனை நாளாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள் சித்ராதேவி.

“உங்க பேருங்க?”

“சுஜா. பொன்மலையில இருக்கோம்.”

“தப்பா நினைக்காதீங்க சுஜா. அப்படிப்பட்டவர் கூட எப்படிக் காலம் தள்றீங்க?”

சுஜா டீயை ஒரு வாய் குடித்தாள்.

“கல்யாணமான புதுசுல காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். நான் பூண்டு வாங்கிட்டிருந்தேன். இவர் மூட்டை ஏத்தறதை வேடிக்கை பார்த்துட்டே நின்னார். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம், பைக்கையும் காணோம். வீட்டுக்குப் போயி எங்க மாமியார்ட்ட, ‘சுஜா எங்கம்மா’ன்னு கேட்டிருக்கார்.”

சித்ராதேவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பஸ்ல அழுதுட்டே வந்தேன். எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடறதுன்னே முடிவு பண்ணிட்டேன். வாசல்ல நின்னுட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கக்கூட அவரால முடியல. முகம் அப்படி இருந்துச்சு. வேணும்னு செய்யலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது.”

“இந்த வைத்தியத்துல முழுசா சரியாயிடுச்சா?”

“அப்படிச் சொல்ல மாட்டேங்க. மாத்திரையும் உண்டு, கொஞ்ச நாள் இதுவும் எடுத்துக்கிட்டார். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காதாம். இவருக்குக் கொஞ்சம் கேட்டுச்சு. முன்னாடி நான் பேசிட்டிருக்கறப்பவே பாதியில எழுந்து போயிடுவார். இப்ப முழுசா கேட்டுட்டு எழுந்து போறார்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் சித்ராதேவியின் குரல் தணிந்தது.

“எனக்குப் பரீட்சைகூடப் பெருசில்லீங்க. நாளைக்கு ஒரு வேலைன்னு போனா இவளை யார் வச்சுக்குவாங்க? ஒரு வீட்டுக்குப் போனா யார் பொறுத்துக்குவாங்க? ராத்திரியெல்லாம் இதே யோசனைதான்.”

“பிடிச்ச வேலை கிடைக்கட்டுங்க. அப்புறம் அவங்களை அந்த இடத்துலேர்ந்து எழுப்பவே முடியாது. வீட்டுக்கு உதாரணம் நான் இருக்கேனே. சந்தோஷமாத்தான் இருக்கேன்.”

சொல்லும்போது அவள் முகத்தில் பூசி மெழுகியது எதுவும் இல்லை. சித்ராதேவிக்கு மனசு லேசானது. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நம்ம டாக்டர் எவ்வளவு நிதானம் பாருங்க. போன வாரம் ஒரு மணி நேரம் நான் புலம்பினதை அசையாம கேட்டார். அவர் மாதிரி ஒருத்தர் அமைஞ்சிருந்தா உங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இருந்திருக்காது.”

சுஜாவுக்கு டீ புரையேறியது. வெகுநேரம் இருமினாள்.

கதவு திறந்தது. தொப்பியின் ஈரத்தில் நெற்றியோரம் தலைமுடி நனைந்து ஒட்டியிருக்க, கலைமதி வெளியே வந்தாள்.

“ஒண்ணுமே இல்லம்மா. எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்.”

பின்னாலேயே டாக்டர் ஆசீர் வந்தார். “ஒரே நாள்ல எதையும் சொல்ல முடியாதும்மா. நாலைஞ்சு வாரம் பார்ப்போம். கேட்கலைன்னா வேற வழி இருக்கு. நீங்க பயப்படாம இருங்க, அது போதும்.”

“பயமெல்லாம் போயிடுச்சு டாக்டர். இவங்கதான் தைரியம் சொன்னாங்க” என்று சுஜாவைக் காட்டினாள் சித்ராதேவி. பிறகு அவளிடம், “உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க சுஜா. எங்க கலைமதி அவரை ஒரு தடவை பார்க்கட்டும். இப்படி ஒருத்தர் நல்லா இருக்கார்னு அவளுக்கும் தெரியணும்ல?” என்றாள்.

சுஜா எழுந்தாள். டாக்டர் ஆசீரின் மடங்கிக் கிடந்த சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

“நல்லா பார்த்துக்கம்மா” என்றாள் கலைமதியிடம். “இவர்தான்.”