வெற்றுக் கட்டம்

படகோடு காணாமல் போன கணவனைப் பற்றி விசாரிக்க மீனவர் சங்கத்துக்கு வந்திருந்தாள் லில்லிபுஷ்பம். தூரத்துத் தீவொன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. 'கடலில் ஒருவரைக் கண்டெடுத்தோம். படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.' உயிரோடு இருக்கிறாரா என்று அதில் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் இருந்தது.

"தெரியாத ஆளு அனுப்புனதுன்னு படத்த மறிச்சு வச்சிருக்குக்கா," என்று சொல்லிவிட்டு, கணினி முன் இருந்த ஜெனிட்டா படத்தைக் காட்ட அனுமதி கொடுத்துப் பார்த்தாள். கட்டம் அப்படியே இருந்தது. படத்தின் முகவரியை மட்டும் எடுத்து வேறொரு பிரவுசரில் போட்டாள்.

மேலிருந்து மெல்ல மெல்லத் திறந்தது படம். மின்விசிறி, வெள்ளைச் சுவர், பிறகு நரைத்த தலை. லில்லிபுஷ்பம் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்த கண்கள் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தன.

"எங்க ஆளுதான்," என்றாள், சேதி அறிய வாசலில் கூடி நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி. "போட்டோன்னா எப்பவும் முறைக்கத்தான் செய்வாரு."