எதிர்த்தரப்பின் ஒரே ஆயுதம்

"ஏங்க, என் வாதம் எப்படி இருக்கு? வகுப்பு மாதிரி நீதிமன்றத்துல நாளைக்கு ஜெயிச்சுடுவேன்ல?" சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணவன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "உனக்குப் பாதகமான அந்தப் பழைய தீர்ப்பை ஏன் மறைச்சே?"

"சொன்னா தோத்துடுவேனே!"

"புதுசா எழுதறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. நீயே அதைச் சொல்லிட்டு, இங்க ஏன் பொருந்தாதுன்னும் எழுது."

பரபரவென்று திருத்தி எழுதினாள்.

மறுநாள் எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பைத்தான் மலைபோல நம்பி எழுந்தது. அவளோ அதை முன்பே உடைத்திருந்தாள். வெற்றி!

கைதட்டலுக்கு நடுவே எதிர்த்தரப்பு மேசைக்கு ஓடினாள். "உங்க கையில இருந்த ஒரே ஆயுதத்தை ஏங்க எனக்குக் காட்டிக் கொடுத்தீங்க?"

அதே வகுப்பில் படிக்கும் கணவன் சிரித்தான். "உன்னைத் தோக்கடிச்சுட்டு, சாயங்காலம் நான் எந்த வீட்டுக்குப் போறதாம்?"